பொய் நோவு

1994இல், பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி மட்டம் தட்டிக்கொண்டிருந்த செல்லமுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கிடையே விழுந்தான். பிறகு எழும்பவே இல்லை. அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், "நெஞ்சு வலிக்குதுண்ணே" என்று அவன் சொல்லியிருந்தான். கங்காணி நல்லையா கூடப்பிறந்த அண்ணன்தான். எல்லார் முன்னாலும் சிரித்தார். "பொய் நோவு. மலைக்கு ஏறுடா."

பிணத்தைத் தூக்க வந்த நல்லையாவிடம் செல்லமுத்துவின் மனைவி பெரியாயி சொன்னாள்: "நீயும் இப்படித்தான் விழுவே. அதப் பாக்காம நான் சாகமாட்டேன்." புருசனின் அண்ணன் என்ற மரியாதை அன்றோடு போயிற்று. அந்த வன்மத்தோடுதான் கொழுந்து பறித்தாள், மகள் நிரஞ்சலாவை வளர்த்தாள்.

2003இல் மேடு ஏறும்போதெல்லாம் நிரஞ்சலாவுக்கு நெஞ்சு இறுகியது. பதுளையில் ஸ்கேன் எடுத்து, கண்டிக்கும் அனுப்பிச் சோதித்தபின் டாக்டர் ஆரூரன் பெரியாயியைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பெரிய ரத்தக்குழாய் ஒண்டிலயும் அடைப்பில்லை அம்மா. இதயத் தசை தடிச்சுப்போச்சு. அதுக்குள்ள ஓடுற நுண்ணிய குழாய்களாலை ரத்தம் போதியளவு போகேல்லை. அதுதான் வலி."

"பொழைச்சுக்குவாளா ஐயா?"

"மருந்தை விடாமல், பாரம் தூக்காமல் இருந்தால் கனகாலம் இருக்கலாம். ஆனா இந்தச் சின்னக் குழாய்க் கோளாறு உள்ள ஆக்களுக்கு இதயம் மெல்ல மெல்லப் பலவீனப்படலாம். வருசாவருசம் பாக்கவேணும். இது பரம்பரையா வாறது. தகப்பன்ரை கூடப்பிறந்தவையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பெரியாயி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏற்றத்தில் நல்லையா அடிக்கடி நின்று நெஞ்சைத் தடவுவதைப் பார்த்தபோது அவள் வயிறு குளிர்ந்தது.

"பெரியப்பாகிட்டச் சொல்லும்மா" என்றாள் நிரஞ்சலா.

"ஒங்கப்பன் சொன்னப்ப அவன் கேட்டானா?"

ஆனால் தான் செய்தது இன்னதென்று தெரியாமலே அவர் செத்துப்போனால்? அது அவளுக்குப் போதவில்லை. மறுநாள் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் போய் நின்றாள்.

"கங்காணியாரே, ஒங்க தம்பிக்கு வந்தது பொய் நோவில்ல. பரம்பரை நோவு. ஒங்க நெஞ்சுலயும் அதான் இருக்கும். இப்ப மலைக்கு ஏறுங்க, பாப்போம்."

அந்த வாரமே நல்லையா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஸ்கேனில் நல்லையாவுக்கும் அதே தடிப்பு. கங்காணி வேலை போயிற்று. ஒருநாள் மூச்சு வாங்க வாங்க அவள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆயி. மன்னிச்சிரு."

"வலிக்குதுன்னு அவரு சொன்னாரே. அதுக்கு மேல என்ன தெரியணும்?" கதவைச் சாத்தினாள்.

நிரஞ்சலாதான் பதுளை கிளினிக்கிலிருந்து பெரியப்பாவுக்கும் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தாள். பெரியாயி தடுக்கவில்லை. கால் வீங்கி, படுக்கவும் முடியாமல் சில வருடங்கள் இருந்துதான் அவர் போனார். பெரியாயி சாவு வீட்டு வாசல்வரை போனாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.