சாப்பிட்டீங்களா என்று கேட்ட புள்ளி

பேச்சிமுத்து, மதுரை–வாடிப்பட்டி பஸ்ஸின் கண்டக்டர். அவருக்குச் சர்க்கரை இருப்பது டாக்டருக்கும் பிரவுசிங் சென்டர் மருதுவுக்கும் இணையத்தில் இருந்த 'இனியவர் குழு'வுக்கும் மட்டுமே தெரியும். மனைவி தங்கப்பொண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதே வீட்டை வைகையாக்கிவிடுவாள். 2004இல் வைகையிலேயே அம்புட்டுத் தண்ணி கிடையாது.

'இனியவர் குழு' என்பது மின்னஞ்சலில் கூடிய மகாசபை. சர்க்கரைக்காரர்கள் அதில் பாகற்காய், இன்சுலின், கால் எரிச்சல் குறித்து ஆங்கிலத்தில் பேருரை ஆற்றினார்கள். துபாயிலிருந்து தலைமை தாங்கியவர் வெங்கடேஷ்பாபு. பேச்சிமுத்துவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும். டூட்டி முடிந்ததும் கோரிப்பாளையத்தில் மருதுவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, குழுவில் வாய் திறந்த ஒவ்வொருவருக்கும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஒரே வரி அனுப்புவார்: "சாப்பிட்டீங்களா?"

"இதைக் கேக்கவாண்ணே இம்புட்டுத் தூரம் வாரீக?" என்பான் மருது.

"ஏறுன ஆளு ஒருத்தரையும் கேக்காம விடக் கூடாது, மாப்ள. தொழில் சுத்தம்."

ஒருநாள் துபாயிலிருந்து ஓலை வந்தது. 'உங்கள் கடிதங்களால் பயனில்லை. இன்னும் ஒன்று வந்தால் நீக்கப்படுவீர்கள்.'

பேச்சிமுத்து அதை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். வேலையிலிருந்து தூக்கியிருந்தால்கூட அம்புட்டுக் கலங்கியிருக்க மாட்டார். வியாதியை மறைக்காமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். வாயைப் பொத்திக்கொண்டு இனிப் படிக்க மட்டும் செய்வதென்று முடிவெடுத்தார்.

படிக்கத்தான் எதுவும் வரவில்லை. பேருரையாளர்கள் முழுக் கடையடைப்பு நடத்தினார்கள்.

இதில் பதறியவள் திருநகர் வித்யாஸ்ரீ. குழுவின் சம்மதத்தோடு, அதில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து எம்.ஃபில். பட்டம் வாங்க இருந்தவள். ஆளுக்கொரு புள்ளி, பேச்சுக்கொரு கோடு என்று படம் போட்டிருந்தாள். புள்ளிகள் சிந்திய கடுகாகக் கிடந்தன. கோடுகளைத் தேட வேண்டியிருந்தது. ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. 'சாப்பிட்டீங்களா'வையும் அதற்கு வந்த பதில்களையும் ஆரம்பத்திலேயே கழித்திருந்தாள். மதுரைக்காரி அல்லவா? எதிர்ப்பட்டவரையெல்லாம் அப்படிக் கேட்டே வளர்ந்தவள். மூச்சுவிடுவதைப் பேச்சில் யார் சேர்ப்பார்கள்?

கழித்ததைத் திரும்பச் சேர்த்தாள். ஒரே புள்ளியிலிருந்து கோடுகள் தேர்வடங்களாகப் புறப்பட்டன. புள்ளிகளுக்குப் பெயர் போடாமல் படத்தைக் குழுவுக்கே அனுப்பினாள்: "சாப்பிட்டதைச் சொல்ல வந்தவர்கள்தான் அப்படியே கால் எரிச்சலையும் பயத்தையும் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பேச்செல்லாம் அதிலிருந்து முளைத்ததுதான். நடுவில் இருப்பவர் ஏன் பேசவில்லை?"

மருதுவின் கம்ப்யூட்டரில் படம் சாவகாசமாக, மேலிருந்து கீழே இறங்கியது.

"அண்ணே, நடுவுல கோபுரமாட்டம் நிக்கிறது நீங்கதாண்ணே!"

பேச்சிமுத்து காலில் கிடந்த செருப்பை மெல்லக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அடுத்து வெங்கடேஷ்பாபுவின் கடிதம். தலைவர்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கமில்லை. ஒரு வரிதான் இருந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?" அதன் பின்னால் சிகாகோ, சிவகாசி, சிங்கப்பூர் என்று வரிசையாக அதே கேள்வி. அதுவரை பேச்சிமுத்துவை யாரும் கேட்டதில்லை. கண்டக்டரிடம் யார் டிக்கெட் கேட்கிறார்கள்?

சிக்கல் என்னவென்றால், சற்றுமுன்தான் அவர் சால்னாவில் பரோட்டாவைக் குளிப்பாட்டிச் சாப்பிட்டிருந்தார்.

"கேப்பைக் களின்னு அடிங்கண்ணே. யாருக்குத் தெரியும்?"

"கேட்டவுககிட்டப் பொய் சொல்லலாமா, மாப்ள?" எழுத்துக் கூட்டிப் பரோட்டா என்றே அடித்தார். நாலா திசைகளிலிருந்தும் ஏச்சு வந்து விழுந்தது. ஒவ்வொன்றையும் பிரசாதம்போல் படித்தார்.

"இந்தப் படத்தை ஒரு பிரிண்டு போடு. வீட்டுல காட்டணும்."

"அக்கா அழுமேண்ணே! எப்பிடி ஆரம்பிப்பீக?"

பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"சாப்பிட்டியான்னுதான்."