டோரா ஸ்டாதர்ஸ் துவைத்த சட்டை

“வடகடலோரத்து இல்லத்தரசி. ஓய்வு நேரத்தில் நகைச்சுவை நாடகங்கள் எழுதுகிறார். கடலும் தோட்டமும் இவருக்கு உயிர்.”

1955ஆம் வருடம் வானொலி வாரப் பத்திரிகையில் டோரா ஸ்டாதர்ஸைப் பற்றி வந்த குறிப்பு இது. இதில் வடக்கு என்பது மட்டும் உண்மை. டோராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு நேரம் என்பது சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல். அதிலும் பாதி வாசற்படி தேய்ப்பதில் போய்விடும். தோட்டம் என்றால் பின்முற்றம். அங்கே முளைத்திருந்தவை கரிக்கொட்டகையும் கக்கூஸும். கடலை அவள் பார்த்ததே நாலைந்து தடவைதான். இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்து ஹெசல் ரோட்டில் பிறந்த பெண்கள் கடலை ரசிக்கப் போவதில்லை. தன் வீட்டு ஆண்களைத் தின்கிற ஒன்றை யார் வேடிக்கை பார்ப்பார்கள்?

அவள் வேலை வலை பின்னுவது. மீன்துறைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கூடம். நாற்பது பெண்கள் நின்றபடி மீன்பிடி இழுவைக் கப்பல்களுக்கு வலை பின்னுவார்கள். டோராவின் கை முடிச்சுப் போடும், வாய் முணுமுணுக்கும்.

“யாரோடடி சண்டை?” என்பாள் பக்கத்திலிருப்பவள்.

“நானே ரெண்டு பேரு. எவ ஜெயிக்கிறான்னு பாத்துட்டிருக்கேன்.”

இப்படி முணுமுணுத்தவைதான் ஒன்பது நாடகங்கள். லீட்ஸ் வானொலி நிலையத்தின் தயாரிப்பாளர் விண்டல், கல்லூரிப் படிப்பும் கம்பளிக் கழுத்துப்பட்டையுமாக இருப்பவர், ஒருமுறை கேட்டார்: “மிஸ் ஸ்டாதர்ஸ், இந்தப் பேச்செல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்து கிடைக்குது?”

“ரேடியோவிலேருந்துதான் சார்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டோரா உண்மை பேசும்போதெல்லாம் யாராவது சிரித்துவிடுவார்கள்; நகைச்சுவை எழுத்தாளர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஹெசல் ரோட்டில் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் ரேடியோ உண்டு. முள்ளை ஓரத்துக்குத் தள்ளினால், பாட்டும் செய்தியும் தாண்டி, கப்பல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கும். ஐஸ்லாந்துக்கு அப்பாலிருந்து ஒரு கப்பல் தலைவன் மீன் இல்லையென்று திட்டுவான்; இங்கே அவன் மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “உயிரோட இருக்கான்” என்று நிம்மதியாவாள்.

1947 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டோரா அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பி லென், இருபத்திரண்டு வயது, ‘ஹெதர் பெல்’ கப்பலில் இருந்தான். கப்பல் தலைவனின் குரல் வந்தது: கொடிமரக் கயிறெல்லாம் பனிக்கட்டி பிடித்துவிட்டது, பையன்கள் கோடாலியால் வெட்டித் தள்ளுகிறார்கள். எதற்கோ சிரித்தான். அப்புறம் இரைச்சல். இருபது பேரோடு போன கப்பலின் ஒரு பலகைகூடத் திரும்பவில்லை.

டோரா அந்த முள்ளை அதற்குப் பிறகு நகர்த்தவில்லை. தன் நாடகங்களையே எதிர்வீட்டுக்குப் போய்த்தான் கேட்டாள். வேலையிலிருந்து வந்து அந்த இரைச்சல் முன்னால் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஆட்கள் பேசுவார்கள். வம்பு, கேலி, பசி, பெண்டாட்டி பேச்சு. அவள் எழுதிக்கொள்வாள். சில நாள் எல்லாரும் அடங்கிய பிறகு லென் மட்டும் கேட்பான்: “அக்கா, சட்டை காஞ்சிருச்சா?”

அதை மட்டும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

கப்பல் கிளம்புகிற நாளில் அந்த வீட்டில் துணி துவைக்கக் கூடாது. துவைத்தால் ஆளைக் கடலில் கரைத்துவிட்டதாக அர்த்தம். ஹெதர் பெல் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலை லென் தன் நல்ல சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டான். “திரும்பி வந்து நடனத்துக்குப் போட்டுக்கணும், அலசி வைக்கா” என்று கெஞ்சினான். டோரா நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிறவள், இதையெல்லாம் நம்பாதவள். துவைத்தாள். ஆனால் அடுப்புக்கு முன்னால், திரையை இழுத்துவிட்டுத்தான் காயப்போட்டாள். நம்பாதவர்களும் திரையை இழுத்துவிடுவார்கள்.

அதே காலை, அதே கப்பலின் சமையல்காரன் மனைவி, டோராவின் ஒட்டுச்சுவர் வீட்டு ஆக்னஸ் பிளாஞ்சர்ட், கைக்குழந்தையின் ஈரத்துணியை அலசிச் சந்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். அவர்கள் குடியிருந்த ஆல்மா சந்து முழுக்கப் பார்த்தது. கப்பல் மூழ்கிய செய்தி வந்ததும் கடவுளையோ பனியையோ யாரும் குறை சொல்லவில்லை. எட்டு வருடம், மீன்வறுவல் கடைக்குள் ஆக்னஸ் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

பத்தாவது நாடகத்தில் டோரா இதை எழுதத் துணிந்தாள். ரூபி என்று ஒரு பெண், கப்பல் கிளம்பும் நாளில் துவைக்கிறாள். காகிதத்தில் முதலில் ‘தம்பியின் சட்டை’ என்றுதான் எழுதினாள். ஒரு வாரம் கழித்து அதை அடித்துவிட்டு ‘குழந்தையின் துணி’ என்று எழுதினாள். ரூபிமேல் கேட்பவர்களுக்கு இரக்கம் வரட்டுமே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். கோழைத்தனத்துக்கு இலக்கியம் எப்போதும் துணைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பானது. திங்கட்கிழமை சாயங்காலம் ஆக்னஸ் டோராவின் சமையலறையில் நின்றாள்.

“இத்தனை வருஷமா இந்தத் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப தேசத்துக்கே சொல்லிட்டியேடி.”

“அது கதை, ஆக்னஸ்.”

“என் பொண்ணை ஸ்கூல்ல ‘அப்பனைக் கரைச்ச துணி’ன்னு கூப்பிடுறாங்க. அதுவும் கதையா?” குரலைத் தாழ்த்தினாள். “உன்னைத் திட்ட வரல. நீ பொய்யா எழுதியிருக்க? நான்தானே துவைச்சேன். வெள்ளிக்கிழமை கிரிம்ஸ்பியில அக்கா வீட்டோட போயிடுறோம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

டோரா வாயைத் திறந்தாள். பின்னால் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. “டீ குடிக்கிறியா?” என்றுதான் வந்தது. பேச்சு எழுதிப் பேர் வாங்கியவள்.

அந்தக் காலத்தில் மறுஒலிபரப்பு என்றால் நடிகர்கள் மறுபடி வந்து நேரடியாக நடிப்பதுதான். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாம் தடவை. டோரா ரயிலேறி லீட்ஸுக்குப் போனாள். வலைக்கூடத்துக் காட்சிக்கு ஊசி நூலில் உரசும் சத்தம் வேண்டும். அதை அவளைத் தவிர யாராலும் செய்ய முடியாது என்பதால் அவளுக்கென்று ஒரு மைக் வைத்திருந்தார்கள்.

கடைசியில் அந்த வலைக்கூடத்துக் காட்சி. ரூபியாக நடித்த பெண்மணி கண்ணீரோடு ஆரம்பித்தாள்: “நான்தான் துவைத்தேன், என் குழந்தையின்...”

ஊசிச் சத்தம் நின்றது.

“ரூபின்னு யாரும் இல்ல,” என்றாள் டோரா, தன் மைக்கில். “துவைச்சது சட்டை. ஹெதர் பெல் கிளம்பின அன்னிக்கு, லென் ஸ்டாதர்ஸோட சட்டை. துவைச்சவ அவன் அக்கா டோரா, ஆல்மா சந்து ஏழாம் நம்பர். திரையை இழுத்துவிட்டுத் துவைச்சேன். ஆக்னஸ் பிளாஞ்சர்ட் கொடியில போட்டது பச்சைக் குழந்தையோட துணி. அவளைச் சும்மா விடுங்க.”

கண்ணாடிக்கு அப்புறம் விண்டல் எழுந்து நின்றுவிட்டார். ஏழு விநாடி நாடு முழுவதும் மௌனத்தைக் கேட்டது. பிறகு இசைத்தட்டைப் போட்டார்கள்.

நிலையத்துக்குக் குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த முடிவைப் பாராட்டின. இவ்வளவு இயல்பான வசனம் கேட்டதே இல்லையாம். ஆல்மா சந்தில் மட்டும் அதை வசனம் என்று யாரும் நினைக்கவில்லை. வலைக்கூடத்தில் டோராவுக்கு இருபுறமும் ஆள் நிற்க இடம் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆக்னஸ் வந்தாள், தலையில் ஸ்கார்ஃபோடு.

“எட்டு வருஷம், டோரா.”

“ஆமா.”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் அழுறது கேட்டிருக்குமே.”

“கேட்டுச்சு.”

ஆக்னஸ் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். “பெட்டியைப் பிரிக்கணும்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். கிரிம்ஸ்பிக்குப் போகவில்லை. டோராவோடு பிறகு பேசவும் இல்லை.

அன்று சாயங்காலம் டோரா ரேடியோ முன்னால் பென்சிலோடு உட்கார்ந்தாள். இரைச்சல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அடுத்த நாளும், அடுத்த குளிர்காலமும் அப்படியே. விண்டல் மூன்று கடிதம் எழுதி நாடகம் கேட்டார். இல்லை என்று மூன்று முறையும் பதில் போட்டாள்.

டோரா ஸ்டாதர்ஸ் முப்பத்தொரு வருடம் வலை பின்னினாள். பத்து வானொலி நாடகங்கள் எழுதினாள். 1947இல் தம்பியின் சட்டையைத் துவைத்தாள். 1955இல் அதைச் சொன்னாள்.