சீனியின் தோட்டத்தில் பதினெட்டு அங்குல மழை

எழுபத்தாறு ஜூனில் எல்ஸிக்கு மலேசியாவின் ஈப்போவில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் ஆபீசில் டெலிபோன் போர்டு வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். டிசம்பரில் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி ஸ்டானிஸ்லாஸ் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பி, அம்மாவோடு விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பால் மரம் வெட்டப் போக வேண்டியதுதான். அதை இரண்டு வருஷம் செய்து பார்த்தவள் அவள். மரத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. கொசுவின் மேல்தான்.

காலை எட்டு மணிக்குக் கம்பெனியின் ஐந்து தோட்டங்களையும் கூப்பிட்டு, முதல் நாள் மழை எத்தனை அங்குலம், பால் எத்தனை ராத்தல் என்று கேட்டு எழுத வேண்டும். ஐந்து தோட்டத்துக்கும் ஒரே கம்பி. ஒரு கிராணி பேசினால் மற்ற நாலு பேருக்கும் கேட்கும். கிராணி பழனியப்பன் மூலத்துக்கு மருந்து சாப்பிடுவது அந்தக் கம்பியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காரம் தின்றாரா இல்லையா என்று தினமும் விசாரித்தார்கள்.

யாராவது ஒருவர் கணக்கு நோட்டைத் தேடிப் போய்விடுவார். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு நாள் எல்ஸி சும்மா சொன்னாள்: "நம்ம ரப்பர் விதை பிரேசில்ல இருந்து வந்துச்சாம்ணே."

"பிரேசில்காரன் பேசுறது போர்த்துக்கீசு பாஷைலா," என்றார் சீனி. அந்தத் தோட்டங்களிலேயே வாய் அதிகமுள்ள கிராணி அவர்தான்.

"நாம சொல்ற சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசு வார்த்தைதான்," என்றது இன்னொரு குரல்.

அன்றிலிருந்து அதற்குத் 'தொடுப்பு' என்று பெயர். முந்தியவர் சொன்னதில் ஒரு வார்த்தையைப் பிடித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு தகவலைத் தொடுக்க வேண்டும். தகவல் நிஜமாக இருக்க வேண்டும். புளுகினால் மறுநாள் வரை வாயைத் திறக்கக் கூடாது. எல்ஸிக்குத் தகவல் நாசி லெமாக் சோறு கட்டிவந்த காகிதத்திலிருந்து கிடைத்தது. கிராணிகளுக்குத் துரை பங்களாவில் கழித்துப் போட்ட பத்திரிகைகள். சீனி இரண்டு முறை புளுகி மாட்டினார். வாயைத் திறக்காமல் மூச்சை மட்டும் பலமாக விட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடுப்பு சூடு பிடித்தது.

"மிளகாயை இந்தப் பக்கம் கொண்டாந்ததே போர்த்துக்கீசுக்காரன்தான்," என்றார் பழனியப்பன்.

"உங்க உடம்புக்கு மிளகாய்ப் பேச்சே ஆகாதுண்ணே," என்றாள் எல்ஸி. "கிளிக்கு மிளகாய் காரமே தெரியாதாம்."

"கிளி நாக்கு தடிச்ச நாக்கு," என்றது இன்னொரு குரல்.

"ஒட்டகச்சிவிங்கி நாக்கு பதினெட்டு அங்குலம்!" என்று சீனி கத்தினார். "இதுக்கு மேல தொடு பாப்போம், தங்கச்சி!"

எல்ஸி தொடுத்தாள், ஜெயித்தாள், சிரித்தாள். சிரித்துக்கொண்டே சீனியின் தோட்டத்துக்கு நேராக மழைக் கட்டத்தில் பதினெட்டு என்று எழுதினாள். அங்கே முதல் நாள் சொட்டு மழை இல்லை.

தாள் மேலே போனது. ஒரே நாளில் பதினெட்டு அங்குலம் என்றால் பாஞ்சிர்தான், வெள்ளம்தான், ஆறு ஏறியிருக்கும், தொழிலாளர் லயங்கள் மூழ்கியிருக்கும் என்று பெரிய துரை முடிவு கட்டினார். இரண்டு லாரியில் மணல் மூட்டை, அரிசி, பிஸ்கட், ஒரு படகு. முன்னால் ஜீப்பில் முழங்கால் வரை ரப்பர் பூட்சோடு துரை. தோட்டத்து மண் ரோட்டில் அவர்கள் கிளப்பிய புழுதியில் சீனிக்குத் தும்மல் நிற்கவில்லை. காயப்போட்ட வேட்டிகளுக்கு நடுவே படகை இறக்கி வைத்தார்கள்.

அவர்கள் திரும்புவதற்குள் சீனி போனில் வந்துவிட்டார்.

"எல்ஸி, நான்தான் தப்பா சொன்னேன்னு சொல்லிடுறேன். இருபது வருஷ சர்வீஸ், என்னை என்ன செஞ்சிடுவானுங்க? ரெண்டு ஏச்சு ஏசுவானுங்க, அவ்ளோதான்லா."

எல்ஸிக்கு ஆசையாகத்தான் இருந்தது. கையெழுத்துக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. ஆனால் கம்பியில் இன்னும் நாலு பேர் மூச்சு விடுவது கேட்டது. இத்தனை காது கேட்ட பொய் சாயங்காலத்துக்குள் ஸ்டானிஸ்லாஸ் மேஜைக்கு வந்துவிடும். அவளே போய்ச் சொன்னாள்.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "மழைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நடுவுல கிளி இருக்கு சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கிளிக்கு முன்னால் என்ன இருக்கும் என்று பயந்திருக்கலாம். "இனிமே அந்தக் கம்பியில மழை, பால், அவ்வளவுதான். டிசம்பர்ல உன் விஷயம் பாப்போம்," என்றார். 'பாப்போம்' என்று சொன்னவிதம் எல்ஸிக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவே அம்மாவுக்கு, பெரட்டில் தனக்கு இடம் இருக்குமா என்று விசாரித்துக் கடிதம் எழுதினாள்.

மறுநாள் முதல் போர்டில் அமைதி. எட்டு மணிக்குக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுப்பார் இல்லை. ஒன்பதரைக்கு ஒருவர், பத்தேகாலுக்கு ஒருவர். சீனி பதினொன்றுக்கு. துரைக்குத் தாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போனது. ஒன்பது நாள் இப்படியே ஓடியது. பத்தாம் நாள் துரை சத்தம் போட, ஸ்டானிஸ்லாஸ் எல்ஸியிடமிருந்து போனை வாங்கித் தானே காதில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்தாவது முறை மணி அடித்தபோது சீனி எடுத்தார்.

"எங்கய்யா போனீங்க எல்லாரும்? போன மாசம் எட்டடிச்சு பத்து நிமிஷத்துல கணக்கு வந்துச்சே!"

"சார், அப்ப தொடுப்பு இருந்துச்சு. விட்டுட்டா ஆட்டம் போயிடும்னு எட்டுக்கு முன்னாடியே நோட்டும் கையுமா ஓடி வந்து நிப்போம். வெறும் மழையைச் சொல்ல எவன்லா ஓடுவான்?"

"ஆமா சார்," என்று கம்பியில் இன்னும் மூன்று குரல் கேட்டது. அத்தனை பேரும் போன் பக்கத்திலேயே இருந்துகொண்டுதான் எடுக்கவில்லை என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போனை வைத்தார். பிறகு தன் மேஜைக்குப் போய் எல்ஸியின் காகிதத்தை எடுத்து, தேதிக்கு எட்டு நாள் முன்னதாகவே கையெழுத்துப் போட்டார்.

"கணக்கு முதல்ல. அஞ்சு தோட்டமும் எழுதி முடிச்சு, பேனாவை மூடி வச்சதுக்கு அப்புறம் பத்து நிமிஷம் தொடுப்பு. பேனா திறந்திருக்கும்போது ஒரு மிருகம் வரக்கூடாது."

"பறவை சார்?"

"எல்ஸி!"

மறுநாள் எட்டு அடிக்குமுன் ஐந்து பேரும் கம்பியில் இருந்தார்கள்.

"சீனிண்ணே, மழை?"

"ரெண்டரை."

"எது ரெண்டரை?"

"மழைதாம்மா!"

"வானத்துல இருந்து விழுந்ததா?"

"அட, நேத்துலேர்ந்து விடல, நனைஞ்சு போய் நிக்கிறேன்லா! சட்டையைப் பிழிஞ்சு காட்டவா?"

எல்ஸி இரண்டரை என்று எழுதினாள். பிறகு பால் எத்தனை ராத்தல் என்று கேட்டாள்.