தலையில் காய்ந்த கவசம்

செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். வவுணதீவிலிருந்து வந்தவர் வாசலில் நின்று, "பாக்கியம் ரீச்சர் விடியக்காலை மோசம் போயிட்டா. காய்ச்சல்தான்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வாய்ப்பாட்டை முடித்தேன். பாக்கியம் அக்கா இறந்ததற்கு இன்னும் எனக்கு அழுகை வரவில்லை.

கல்லடியில் எங்களோடு படிப்பித்த எல்லோருக்கும் அந்த நாடகம் நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டுவதற்காக ஆசிரியைகள் நாங்களே நடித்தோம். பாக்கியம் அக்கா படைத்தளபதி. "தளபதி எண்டா தலைக்கவசம் வேணும். சீலைத் தலைப்ப மூடிக்கொண்டு சண்டைக்குப் போறதோ?" என்று தானே செய்யத் தொடங்கினார்.

முதலில் கமுகம்பாளையை வளைத்துப் பார்த்தார், காய்ந்ததும் வெடித்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்தில் வார்த்தது நன்றாகவே வந்தது, ஆனால் தலையில் வைத்ததும் கழுத்து பிடித்துக்கொண்டது. "இதப் போட்டா எதிரி தேவையில்ல, நானே விழுந்திருவன்" என்றார். உலக யுத்த காலம், தாளுக்குத் தட்டுப்பாடு. வீடு வீடாகப் பழைய பத்திரிகை கேட்டு வாங்கி ஊறவைத்து இடித்து, புளியங்கொட்டைப் பசை சேர்த்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பினோம். பாரமில்லாமல், உறுதியாக வந்தது. ஆனால் வெயிலில் சுருங்கி, நாடகத்தன்று காலையில் அவர் தலையில் இறங்கவில்லை.

கொதிக்கும் பானையின் ஆவியில் பிடித்து அதை இளக்கினார். ஒட்டாதிருக்கத் தலையில் வாழையிலையைச் சுற்றி, கவசத்தை அதன்மேல் அழுத்தி, நாடியோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். காயும்வரை கழற்ற முடியாது. அன்றைக்கென்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்து சேர்ந்தார்.

நான் பக்கத்து வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதென்ன கோலம்? கழட்டுங்க" என்றார் அவர்.

"இப்ப கழட்டினா உருக்குலைஞ்சிரும் ஐயா. பின்னேரம் நாடகம். நீங்க கணக்கக் கேளுங்க, புள்ளையள் சொல்லுவாங்க."

கேட்டார். பிள்ளைகள் தடுமாறாமல் சொன்னார்கள். அவர் முகம் மாறவில்லை.

நாடகம் நடந்தது. கிணறும் வெட்டினோம். அடுத்த மாதம் பாக்கியம் அக்காவுக்கு வாவிக்கு அப்பால், வவுணதீவுக்கு இடமாற்றம் வந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாமலும் இல்லை.

தோணித்துறைவரை கூடப் போனேன். "அண்டைக்குக் கழட்டியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"கழட்டியிருந்தா மறுகா ஆருகா தளபதி? நீயா?" என்று சொல்லிச் சிரித்தபடியே தோணியில் ஏறினார். போன இடத்தில் காய்ச்சல் அவரை இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டுப் பிடித்தது. மூன்றாவதில் விடவில்லை.

செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் சுவரோரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தக் கவசத்தைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. அவருடைய பொருளென்று என்னிடம் எதுவுமில்லை. தோணி தள்ளியபிறகும் கரைக்குக் கேட்ட அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கிறது. அதை நினைத்தாலும் இப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் தோன்றும். அதுவரை வைத்திருப்பேன்.