வெயிலில் வெடித்த கடுகு

1986 மே 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பல் துலக்கி, குடிதண்ணீர் பிடித்து வைத்து, காபி குடித்தேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை. சாம்பார் வைப்பதற்காகத் தற்செயல் விடுப்பு எடுத்திருந்தேன். விண்ணப்பத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த அலுவல் மொட்டை மாடியில் இருந்தது. போன மாதம் வாங்கிய சூரிய அடுப்பு. ஒரு பெட்டி, உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய டப்பாக்கள், மேலே கண்ணாடி மூடி, வெயிலை உள்ளே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. செஞ்சியில் மே மாதம் பாறையெல்லாம் கொதிக்கும். ராஜகிரிக் கோட்டை மலை ராத்திரியிலும் ஆறாது. இவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்க்கு எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் வாதம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சோறு நன்றாகவே வெந்தது.

என் மனைவிக்கு அதன்மேல் இருந்த குறை வேறு. நாள் முழுக்க நிழல் விழாத நடு மாடியைப் பெட்டி பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் அவள் வடாம் காயப்போடும் இடம் அது. "வெயில நீங்கதான் கண்டுபுடிச்ச மாரி பேசாதீங்க" என்பாள்.

அவளுடைய அண்ணன் அவலூர்பேட்டையில் வேர்க்கடலை வியாபாரி. பெட்டியை முதலில் பார்த்த அன்றே அதன் கண்ணாடியில் மீசையைச் சீவிக்கொண்டார். "சவரக் கண்ணாடிக்கு இம்மாம் பெரிய பொட்டியா மாப்ள?" என்றார். கையோடு பந்தயமும் வைத்தார். புதன்கிழமை மதியம் சாப்பிட வருவார். இந்தப் பெட்டியில் சமைத்த சோறும் சாம்பாரும் இலையில் விழ வேண்டும். விழாவிட்டால் பெட்டி அவருக்கு. "எங்கூட்டுக் கோழி அடைக்கு ஒக்கார எடமில்லாம தவிக்குது."

ஒன்பது மணிக்கு டப்பாக்களை உள்ளே வைத்தேன். ஒன்றில் அரிசி, ஒன்றில் பருப்பும் கத்தரிக்காயும். சூரியன் நகர நகரப் பெட்டியையும் திருப்பினேன். பதினோரு மணிக்கு, அந்த மாதம் முழுக்க எட்டிப் பார்க்காத மேகம் ராஜகிரிக்குப் பின்னாலிருந்து வந்து சூரியன்மேல் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டுக்கு ஓர் அரிசியை எடுத்துக் கடித்தேன். பல் தப்பியது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயி அண்ணன இட்டுனு வாங்க" என்றாள் மனைவி.

"அவருக்கு வழி தெரியுமே."

"தெரிஞ்சா இன்னா? போங்க. அவசரமா வரவேணாம்."

மைத்துனர் பேருந்திலிருந்து இறங்கியதும் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கோழிக்குச் சொல்லி அனுப்பிடட்டுமா மாப்ள?"

கடைத்தெருவில் வெற்றிலை வாங்கிக்கொடுத்து, நிதானமாக நடத்திக்கொண்டு வந்தேன். எங்கள் தெருமுனையில் கடுகும் பெருங்காயமும் தாளிக்கும் வாசனை எதிரே வந்தது. அவர் நின்று மூக்கை உயர்த்தினார்.

"பக்கத்து வூட்ல சாம்பார் போலக்குது."

"இருக்கும்" என்றேன்.

மனைவி எங்களை நேரே மாடிக்கு அழைத்துப்போனாள். "நீயே தொறந்து பாருண்ணா."

திறந்தார். அதே கறுப்பு டப்பாக்கள், ஆவி பறந்தது. சோறு பொலபொலவென்று இருந்தது. சாம்பாரின்மேல் வெடித்த கடுகும் கறிவேப்பிலையும் மினுமினுத்தன. அந்தப் பெட்டியில் பருப்பு வேகும், கத்தரிக்காய் வேகும்; கடுகு மட்டும் வெடிக்காது. அவ்வளவையும் சத்தமில்லாமல் செய்து முடித்தவளுக்கு, அண்ணனுக்குத் தாளிக்காத சாம்பாரை ஊற்ற மட்டும் மனம் வரவில்லை.

இலையில் உட்கார்ந்த மைத்துனர் ஒரு கடுகை விரலால் ஓரமாகத் தள்ளினார். "கடுகு கூட வெடிச்சிருக்குதே தங்கச்சி!"

"வெயிலு அப்பேர்ப்பட்ட வெயிலுண்ணா."

"மேகமா இல்ல இருந்திச்சி?"

"அது அவலூர்பேட்டைல. சாப்புடு, ஆறிடப் போவுது."

அவர் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துக்கொண்டே மறுசோறு கேட்டார். கை கழுவியபின் என் தோளைத் தட்டினார். "தோத்துட்டேன் மாப்ள. பொட்டிய நீங்களே வெச்சிக்கங்க. கடுகு வெடிக்கிற பொட்டில கோழிய ஒக்கார வெச்சா அது கொழம்பாத்தான் எழுந்து வரும்."

அவரைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மனைவி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள். "நம்ம வூட்டு சாமான்ல அவுரு கோழி முட்ட போடறதா? அதுக்குத்தான். ஆனா ஒண்ணு, நடு மாடி இனிமே என்னுது."

"மேகம் மட்டும் வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கடுகு வெடிச்சிருக்குமா?" என்றாள்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. காபிக்கு முன்பே மாடிக்குப் போனேன். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நகர்த்திவிட்டு, நடுவில் வடாம் வேட்டியை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தேன்.