முன்வாசல் போட்டோவுக்கு மட்டும்

போன வாரம் தஞ்சாவூர் மேல ராஜ வீதியில் காபி குடிக்கப் போனேன். பழைய தெருவையே வெள்ளையடித்து, விளக்குப் போட்டுச் சிங்காரித்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க அப்படி ஒரு கூட்டம்! எனக்கும் தலைகால் புரியவில்லை. யாரோ வெள்ளைக்காரத் தம்பதியின் படத்தில் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. அட, இந்தக் காபிக்கடை என் பழைய ஆபீஸ் அல்லவா!

எழுபதுகளில் இங்கேதான் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அன்றும் இதே சுண்ணாம்பு நெடிதான். சாகுபடி செய்கிறவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி நிலத்தைப் பிடுங்க முடியாது. கூத்து என்னவென்றால், சர்க்கார் அதற்கு வாடகைக்குப் பிடித்த வீடே ஒரு மிராசுதாருடையது!

அவர் நிலத்தில் பயிரிட்ட ஒரத்தநாட்டுப் பக்கத்து அஞ்சலைக்கு ஒருநாள் விசாரணை. புருஷன் போனபிறகு அந்த இரண்டு மா நிலம்தான் அவளுக்குச் சோறு. மூன்று தடவை பேர் சொல்லிக் கத்தினேன். பக்கத்து அரண்மனைப் புறாக்கள் பறந்தன, அஞ்சலை வரவில்லை.

"அவளுக்கு எங்கங்க இதுல அக்கறை?" என்றார் பெஞ்சில் சாய்ந்திருந்த மிராசுதாரின் காரியஸ்தர்.

'ஆஜரில்லை' என்று எழுதினேன். தாசில்தார் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. பேனா கழுவக் கொல்லைக்குப் போனால், கிணற்றடியில் ஒரு அம்மாள் நிற்கிறாள்.

"நீங்க யாரும்மா?"

"அஞ்சலைங்க. காலையிலேர்ந்து நிக்கிறேன். ஐயா வூட்டுக்கு நாங்க எப்பவும் கொல்லை வழியாத்தானுங்களே வருவோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இது இப்ப ஆபீஸும்மா! ஓடியாங்க!"

சமையற்கட்டு வழியாகவே அழைத்துப் போயிருக்கலாம். இருபத்திரண்டு வயது வீறாப்பு விடவில்லை. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி ஓடி, ஒரு செருப்பைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு முன்வாசலுக்கே கூட்டிவந்தேன். படியில் தயங்கினாள்.

"ஏறுங்கம்மா!"

மண்ணும் ஈரமுமான காலோடு ஏறினாள். தாசில்தார் திறந்த பேனாவை மூடி வைத்தார். என் எழுத்தை நானே அடித்துவிட்டு அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போதும் அதே வீறாப்போடு முன்வாசலுக்கு நடந்தேன். கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "சார், முன்வாசல் போட்டோவுக்கு மட்டும். எல்லாரும் கொல்லைப் பக்கமாத்தான் வரணும், அதான் இங்க ஸ்பெஷல்!"

அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். கிணறு இல்லை, காரியஸ்தர் இல்லை, அந்தப் பதிவேடு எந்தக் கரையானுக்கு இரையானதோ. அஞ்சலை மண்காலோடு ஏறிய படியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். யாரும் மிதிக்கக்கூடாதாம்.