நசுங்காத எலுமிச்சம்பழம்

தலை நிறைய மல்லிகை, அதன்மேல் ஹெல்மெட். எதைச் சொன்னாலும், மலாய்ப் பேச்சின் 'லா'வை ஒட்டவைத்து, "அப்புறம் பாத்துக்கலாம் லா" என்பார், ஜார்ஜ்டவுனில் எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாள். அன்று அவருடைய புது மூன்று சக்கர மின்வண்டி, பூசைக்குச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்காமல் உருட்டிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி. கல்யாண மாலைகள் இன்னும் மண்டபம் சேரவில்லை.

வாகனப் பதிவில் முப்பதாண்டு குப்பை கொட்டியவன் நான். "நம்பர் பிளேட் இல்லாம ரோட்டுல விடக் கூடாதும்மா!"

"அப்புறம் பாத்துக்கலாம் லா. பழம் நசுங்காம வண்டிய எடுக்க மாட்டேன். வெயிட்டு பத்தல, ஏறுங்கண்ணே!"

ஏறினேன். நசுங்கியது. என்னை இறக்கிவிட அவர் நிறுத்தவேயில்லை. மடியில் மாலைக்கூடையோடு மண்டபம்வரை சிரித்தேன். சைக்கிள்காரர்கள் முந்திப்போய்க் கையசைத்தார்கள். மாலைகள் நேரத்துக்குச் சேர்ந்தன.

"அந்த வண்டிய எந்தப் பிரிவில பதிவு பண்ணுவாங்க?" என்று, வீட்டில் நான் நடந்ததைச் சொன்னதும் மனைவி கேட்டாள்.

"அப்புறம் பாத்துக்கலாம் லா," என்றேன்.